அம்மாவின் இடது கை இறுக்கம்: ஒருவர் 1+ என்கிறார், ஒருவர் 2, இன்னொருவர் 3. எதை எடுத்துக்கொள்வது?

முக்கூடல் மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். விவரம் ஏதாவது விட்டுப்போனால் பதிலும் தப்பிப் போய்விடுமோ என்று பயம்.

அம்மாவுக்கு வயது 58. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டுக்கும் சாமி காப்பாற்றியது.

முதல் மூன்று வாரம் கை ஈரத்துணி மாதிரி கிடந்தது. தூக்கிவிட்டால் சொத்தென்று விழும். அப்புறம் மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தது. "கைக்கு உசுரு வருதுட்டி" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், எங்களுக்கும்தான். ஆனால் ஆடி பிறப்பதற்குள் முழங்கை மடங்கி, மணிக்கட்டு கீழே சாய்ந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற நாலு விரலும் அதன் மேல் மூடிக்கொண்டன. இப்போது ஐப்பசி, ஏழு மாதம் ஆகிறது. கம்பு ஊன்றி, இடது காலை வட்டமாகச் சுழற்றிப் போட்டு நடக்கிறாள். கைதான் பிரச்சினை.

அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றினவள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கண்ணால் பார்க்கவே மாட்டாள். இனிமேல் பீடி சுற்ற வேண்டாம் என்று நாங்கள் எல்லோருமே சொல்லிவிட்டோம், அவளும் சரி என்றுவிட்டாள். "சுளகப் பிடிச்சு அரிசி பொடைக்கவாவது கை தெறக்கணும்" என்று மட்டும் கேட்கிறாள். அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். புரட்டாசியில் நெல்லையில் ஒரு ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்குப் போனபோது சீட்டில் "எம்ஏஎஸ் 1+" என்று எழுதினார்கள். பத்து நாள் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோ தங்கச்சி பார்த்துவிட்டு 2 என்று குறித்தாள். போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். மாடி ஏறித்தான் போக வேண்டும், லிஃப்ட் கிடையாது. அங்கே கையைத் தொட்டுப் பார்த்த உடனே, "3 ஆயிடுச்சே, ஊசி போடாம விட்டா கை இப்படியே நின்னுரும்" என்றார்கள். ஒரே மாதத்தில் 1+, 2, 3. அம்மா வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள்.

நான் கவனித்தவை. விடியற்காலையில் எழுந்ததும் கை கல் மாதிரி இருக்கும். வெந்நீரில் குளித்து, அப்பா காபி ஆற்றிக் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆனால் இளகும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் இறுகும். கொட்டாவி விட்டால் அந்தக் கை தானாகவே மேலே எழும்புகிறது. முதல் தடவை பார்த்தபோது வீடே கூடிவிட்டது. போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள் அம்மாவைப் பார்த்தேன், தூங்கும்போது விரல்கள் நன்றாகத் திறந்திருந்தன! பகலில் நகம் வெட்டவே நான் படாதபாடு படுகிறேன். தூக்கத்தில் திறக்கிற கை விழித்திருக்கும்போது ஏன் திறக்கவில்லை?

கை மோசமாகிக்கொண்டு போகிறதா? இந்த எண்களில் எதை நம்புவது? தோலில் வைத்து அழுத்தினால் இறுக்கத்தை எண்ணாகவே காட்டும் ஒரு கருவியை வீடியோவில் பார்த்தேன். அது நம் பக்கம் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பிசியோ

தங்கச்சி, நான் பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள். முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த மூன்று எண்ணும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். ஒரு மாதத்தில் 1+ இலிருந்து 3 வரை ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தமே இல்லை.

1964இல் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோய் வந்தவர்களுக்கு ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்த்தார். இறுக்கத்தைக் குறித்துக்கொள்ள 0 முதல் 4 வரை ஒரு அளவு வைத்துக்கொண்டார். 1987இல் பொஹானனும் ஸ்மித்தும் 1க்கும் 2க்கும் நடுவில் 1+ சேர்த்தார்கள். உங்கள் சீட்டில் இருக்கும் எம்ஏஎஸ், அதாவது மாடிஃபைட் ஆஷ்வொர்த் ஸ்கேல், அதுதான். நோயாளியைத் தளரச் சொல்லிவிட்டு, மூட்டை ஏறத்தாழ ஒரு விநாடியில் கடைசிவரை நகர்த்த வேண்டும். கடைசியில் மட்டும் லேசாகத் தடுத்தால் 1. நடுவில் ஒரு பிடிப்பு வந்து, மிச்ச தூரத்தில், அதுவும் பாதிக்கும் குறைவான தூரத்தில், லேசாகத் தடுத்தால் 1+. பெரும்பகுதி தூரம் நன்றாகத் தடுத்தும் சுலபமாக நகர்ந்தால் 2. நகர்த்தவே கஷ்டமானால் 3. அசையாமல் நின்றுவிட்டால் 4.

இது தராசில் வைத்து நிறுக்கிற எண் இல்லை. அளக்கும் கருவியே பார்க்கிறவரின் கைதான். 2 என்றால் 1ஐப் போல இரண்டு மடங்கு இறுக்கம் என்றும் கிடையாது. அதனால் ஒருவர் 1+ என்றதை இன்னொருவர் 2 என்பது எங்களுக்குள் தினமும் நடப்பது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மூன்று பேரும் எந்தத் தசையைப் பார்த்தார்கள்? முழங்கையா, மணிக்கட்டா, விரலா? பக்கவாதம் வந்த ஒரே கையில் முழங்கைக்கு 1+, விரலுக்கு 3 என்று இருப்பது சாதாரணம். தசையின் பெயர் இல்லாத எண், ஊர் பெயர் இல்லாத தபால் மாதிரி. சீட்டுகளைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

எப்போது, எப்படிப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த தசை முதல் இழுப்புக்கு அதிகமாகத் தடுக்கும், நாலு தடவை நகர்த்தினால் இளகும். அதனால் பயிற்சி முடிந்த பிறகு பார்த்த எண் குறைவாகவும், மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தவுடன் பார்த்த எண் கூடுதலாகவும் இருக்கும். குளிர், வலி, பயம், மூத்திரம் முட்டுவது எல்லாமே இறுக்கத்தைக் கூட்டும். அன்றைக்கு அந்த அறையில் ஏசி இருந்ததா?

இப்போது உங்கள் கேள்வியின் உயிருக்கு வருகிறேன். இறுக்கம் ஒரே மாதிரி இல்லை, இரண்டு விதம். 1980இல் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் எழுதிய விளக்கத்தைத்தான் நாங்கள் இன்றும் படிக்கிறோம்: ஸ்பாஸ்டிசிட்டி என்பது இழுக்கும் வேகத்தைப் பொறுத்துக் கூடுகிற இறுக்கம். நடவு வயலில் முழங்கால்வரை சேற்றில் இறங்கிய காலை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உருவினால் வந்துவிடும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மூளையிலிருந்து வரவேண்டிய கட்டுப்பாடு வராததால், தண்டுவடத்தில் இருக்கும் அனிச்சை வேகமான இழுப்பைக் கண்டதும் தசையைச் சுருக்கிவிடுகிறது. இது நரம்பு செய்கிற வேலை. மாத்திரையும், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் இதற்குத்தான். இன்னொரு விதம், தசையும் தசைநாரும் நாள்கணக்கில் மடங்கியே கிடந்து குட்டையாகிப் போவது. கிணற்றுக் கயிறு குட்டை என்றால் எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் வாளி தண்ணீரைத் தொடாது. அதற்கு எந்த ஊசியும் கயிற்றை நீளமாக்காது. நீட்டி வைப்பதும், நீட்டியபடியே பிடித்து வைக்கும் பட்டை (ஸ்ப்ளின்ட்) கட்டுவதும்தான்.

எம்ஏஎஸ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, கையில் தட்டுப்படும் தடையை மட்டும்தான் சொல்லும். பிரித்துப் பார்க்க நான் டார்டியு முறையை வைத்திருக்கிறேன். ஒரே மூட்டை முதலில் மிக மெதுவாக நீட்டி எங்கே நிற்கிறது என்று, மூட்டின் கோணத்தைக் காட்டும் கோனியோமீட்டரால் அளக்க வேண்டும். அப்புறம் முடிந்த அளவு வேகமாக நீட்டி எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். முழங்கை முழுதாக நிமிர, மெதுவாகப் போனால் 10 டிகிரிதான் குறைகிறது, வேகமாகப் போனால் 60 டிகிரி குறையும்போதே பிடிக்கிறது என்றால் நடுவில் 50. அந்த 50 பெரும்பாலும் நரம்பின் கணக்கு. மெதுவாகப் போனாலும் 45இல் நிற்கிறது, வேகத்துக்கு 50இல் பிடிக்கிறது என்றால் தசை குட்டையாகிவிட்டது. எம்ஏஎஸ்ஸில் இந்த இரண்டு கைக்கும் ஒரே எண் விழக்கூடும், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

வீட்டில் நீங்கள் மெதுவான அளவை மட்டும் எடுங்கள். வேகமான இழுப்பைச் செய்யவே வேண்டாம், அதை வீட்டுக்கு வரும் அந்தத் தங்கச்சியைச் செய்யச் சொல்லுங்கள். மூன்று ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோள் மேட்டில் ஒன்று, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒன்று, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து எலும்பில் ஒன்று. அம்மாவை எப்போதும் ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில், மூத்திரம் போய்விட்டு வந்த பிறகு உட்கார வையுங்கள். போனை ஒரு ஸ்டூல் மேல் பக்கவாட்டில் வைத்து, ஐந்தாறு விநாடி எடுத்து நீட்டி, நிற்கிற இடத்தில் போட்டோ எடுங்கள். பாகைமானியைப் படத்தின் மேல் வைத்தால் கோணம் கிடைத்துவிடும். தோளைப் பிடித்து மட்டும் எந்தக் காரணத்துக்கும் இழுக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்துவிட்டால் கை முழுக்க இறுகும்.

தூக்கத்தில் விரல் திறந்த விஷயம். தூங்கும்போது நரம்பால் வரும் இறுக்கம் குறையும், அது உண்மை. ஆனால் அன்றைக்கு மணிக்கட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? விரலை மடக்கும் தசைகளின் நார் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகிறது. மணிக்கட்டு கீழே தொங்கினால் நார் தளர்ந்து விரல் திறக்கும், நிமிர்த்தினால் இழுபட்டு மூடும். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள். விரலை அளக்கும்போதெல்லாம் மணிக்கட்டை ஒரே நிலையில் வைக்கச் சொல்வது இதனால்தான். நகம் வெட்டவும் இதே வழி: விரலைப் பிடித்து இழுக்காமல், முதலில் மணிக்கட்டைக் கீழே மடக்குங்கள், கட்டைவிரலை அதன் அடிப்பக்கத்தில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள், மற்ற விரல்கள் பின்னாலேயே வரும். உள்ளங்கையைத் தினம் கழுவி ஈரம் இல்லாமல் துடையுங்கள்.

பந்தை அமுக்கச் சொல்லி யாராவது கொடுத்திருப்பார்கள், மஞ்சள் நிறத்தில் முகம் வரைந்த பந்து. மூடத்தான் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரியுமே. திறக்கிற பயிற்சிக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள் என்பது என் கருத்து.

வீரவநல்லூர் அண்ணாச்சி

தங்கச்சி, எங்க அப்பாவுக்கு வந்து மூன்றரை வருஷம் ஆகிறது. தறி நெய்தவர். பிசியோ அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் நான் பட்ட இரண்டு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

நானும் உங்களைப் போலவே நோட்டு போட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு மார்கழியில் மூன்றே நாளில் காலும் கையும் இரும்பாகிவிட்டன. குளிர் என்று நினைத்தேன். மைத்துனர் ஒருவர் புறா ரத்தம் தேய்க்கலாம் என்றார், இன்னொருவர் எண்ணெய் மாற்றச் சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் கண்டபிறகுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூத்திரத்தில் கிருமி. அதற்கு மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் கை பழைய நிலைக்கே வந்துவிட்டது. கையில் ஒன்றுமே இல்லை! மலச்சிக்கல், படுக்கைப்புண், கால் நகம் சதைக்குள் வளர்வது, இப்படி எதுவாக இருந்தாலும் உடம்பு இறுக்கமாகத்தான் காட்டுகிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு அதுதான் சொல்லும் வழி போலிருக்கிறது. அதனால் அளவு திடீரென்று ஏறினால் கையை மட்டும் பார்க்காதீர்கள், அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பாருங்கள்.

இரண்டாவது, எல்லா இறுக்கமும் பகை இல்லை. இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தார்கள். கால் இன்னும் விறைப்பாக இருக்கிறதே என்று நான்தான் டாக்டரைக் கேட்டுக் கேட்டு அளவைக் கூட்ட வைத்தேன். கால் தளர்ந்தது, நோட்டில் எண் அழகாகக் குறைந்தது. நாலாம் நாள் கொல்லைக்குப் போகும்போது முழங்கால் மடங்கி விழுந்துவிட்டார். அந்த விறைப்பை ஊன்றுகோலாக வைத்துத்தான் அதுவரை நின்றிருக்கிறார். எனக்கு அது புரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பயந்துபோய் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தப் பார்த்தேன், மருந்துக்கடைக்காரர்தான் தடுத்தார். பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் நோட்டில் டிகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: அன்றைக்கு அப்பா என்ன செய்தார், சட்டை போட எத்தனை நிமிஷம், திண்ணைவரை எத்தனை எட்டு. டாக்டர் இப்போது முதலில் அந்தப் பத்தியைத்தான் படிக்கிறார்.

தென்காசி கருவிக்காரன்

நான் பயோமெடிக்கல் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கருவிகள் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அக்கா, கருவியைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் மயோட்டன் ஆக இருக்கும். எஸ்டோனியா நாட்டில் உருவானது, கைக்குள் அடங்கும். அதன் முனையைத் தசைக்கு மேலே தோலில் வைத்தால் 15 மில்லிவிநாடிக்கு ஒரு சின்னத் தட்டு தட்டும். தட்டியதும் தசை அதிர்ந்து அடங்குமே, அந்த அதிர்வைப் பதிவு செய்யும். வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதிலிருந்து தொனியையும் (சும்மா இருக்கும்போதும் தசையில் இருக்கும் இறுக்கம்), மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று விறைப்பையும் தரும். மிருதங்கத்தைத் தட்டி வார் இறுகியிருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான்.

நல்ல கருவி. பார்க்கிறவர் மாறினாலும் எண் அவ்வளவாக மாறாது. ஆனால் அது அளப்பது ஓய்வாக இருக்கும் தசையை, அதுவும் தோலுக்கு அடியில் உடனே இருக்கிற தசையை. வேகமாக இழுத்தால் என்ன ஆகும் என்பதை அது கேட்பதில்லை. பிசியோ மேடம் சொன்ன சேற்றுக்கால் கணக்கு அதில் வராது. அதற்கு மூட்டைக் குறிப்பிட்ட வேகத்தில் நகர்த்தித் தடையை அளக்கும் ஐசோகைனட்டிக் இயந்திரமும், இழுக்கும்போது தசை மின்சாரம் விடுகிறதா என்று பார்க்கும் ஈஎம்ஜியும் வேண்டும். மெதுவாக இழுக்கும்போது ஈஎம்ஜி கோடு அமைதியாக இருந்தும் தடை மட்டும் இருந்தால் அது தசையின் விறைப்பு. இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் இருக்கும். இதற்காக நீங்கள் அலைய வேண்டாம் என்பேன்.

காலுக்கு ஒரு எளிய சோதனை உண்டு, 1951இல் வார்ட்டன்பெர்க் எழுதியது. உயரமான கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, கீழ்க்காலை நீட்டிப் பிடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். நல்ல கால் ஊஞ்சல் மாதிரி பல தடவை ஆடி அடங்கும், இறுகிய கால் முதல் வீச்சிலேயே பாதியில் நின்று சீக்கிரம் அடங்கிவிடும். போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் ஆட்டத்தை எண்ணலாம். அம்மா பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும். பிசியோ இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முக்கூடல் மகள்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா, அண்ணாச்சி, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி.

சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்னது அப்படியே சரி. முதல் சீட்டில் 1+ முழங்கைக்கு, மத்தியானம், பயிற்சி முடிந்த பிறகு. வீட்டுக்கு வரும் தங்கச்சியின் 2 மணிக்கட்டுக்கு, காலை எட்டரை மணிக்கு. கிளினிக்கில் சீட்டே தரவில்லை, ஆனால் அவர்கள் பிரித்துப் பார்த்தது விரலை என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏசி இருந்தது. அம்மா பஸ்ஸிலிருந்தே மூத்திரம் முட்டிக்கொண்டு, சொல்லக் கூச்சப்பட்டு இருந்திருக்கிறாள். இதைக் கேட்டதும் அம்மா, "அப்ப எங்கை கூடிப் போகலையாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டாள். அன்றைக்கு ராத்திரி ஏழு மாதத்தில் முதல் தடவையாக மூன்று தோசை சாப்பிட்டாள்.

மகன் ஏழாம் வகுப்பு. அவன் பாகைமானியைத்தான் எடுத்துக்கொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி, முற்றத்து நாற்காலி. முழங்கை மெதுவாகப் போனால் முழுதாக நிமிர 10 டிகிரி குறைகிறது. தங்கச்சி வேகமாகச் செய்தபோது முதல் வாரம் 65இல் பிடித்தது, இப்போது 55. அதாவது முழங்கை பெரும்பாலும் நரம்புக் கணக்கு, தசை நீளமாகத்தான் இருக்கிறது.

விரல்தான் வருத்தம். தூக்கத்தில் மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு தலையணை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல நிமிர்த்தினேன், விரல்கள் மூடிவிட்டன. தூக்கத்திலேயே! பகலில் மணிக்கட்டை நேராக வைத்து அளந்தால் நடுவிரல் நிமிர 40 டிகிரி குறைகிறது, வேகமாகப் போனால் 50. இரண்டுக்கும் நடுவில் பத்துதான். குட்டைக் கயிறு என்று புரிந்தபோது கொஞ்ச நேரம் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமாகப் பந்தை அமுக்க வைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

நோட்டோடு நரம்பு டாக்டரிடம் போனோம். முழுக்கப் படித்தார். விரலுக்கு இப்போது ஊசி மட்டும் போட்டால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவு திறக்காது, ராத்திரியில் மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து நீட்டி வைக்கும் பட்டை இரண்டு மாதம் போடுங்கள், நீளம் கூடுகிறதா என்று அளந்துகொண்டு வாருங்கள், மிச்சம் இருக்கும் நரம்பு இறுக்கத்துக்கு ஊசி வேண்டுமா என்று அப்போது பார்ப்போம், போட்டாலும் அதன் வேலை மூன்று மாதம் அளவுக்குத்தான், அதற்குள் பயிற்சி செய்தாக வேண்டும் என்றார். முழங்கைக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார்.

பட்டை போட்டு மூன்று வாரம். 40 இப்போது 34. நான் அளந்தாலும் 34, தங்கச்சி அளந்தாலும் 35. அண்ணாச்சி சொன்ன பத்தியும் இருக்கிறது: சட்டை போட 11 நிமிஷம் ஆனது 7 ஆகியிருக்கிறது, உள்ளங்கை கழுவ இப்போது நான் ஒருத்தியே போதும். சுளகின் விளிம்பை இடது கைக்குள் சொருகிவிட்டால் பிடித்து வைத்துக்கொள்கிறாள். புடைக்க வரவில்லை, நாங்கள் எடுக்கும்வரை விடுவதும் இல்லை. பொட்டு மட்டும் கறுப்பு வேண்டாம், மெரூன்தான் வேண்டும் என்கிறாள்.

அக்கா, ஒரு சந்தேகம். காலையில் பட்டையைக் கழற்றியதும் விரல் நன்றாகத் திறக்கிறது, பத்து மணிக்கு அவ்வளவு இல்லை. எந்த நேரத்து அளவை டாக்டருக்கு எழுதுவது?

பாளை பிசியோ

பத்து மணி அளவையே எழுதுங்கள். ஆரம்பத்திலிருந்து எடுத்த நேரம் அதுதான், 40உடன் ஒப்பிட அதுதான் செல்லும். கழற்றியவுடன் எடுப்பதைத் தனிப் பத்தியாக வையுங்கள். அந்த இரண்டுக்கும் இருக்கிற தூரம் வாரா வாரம் குறைகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.